தோளில் ஒரு விரல்

ஒலுவில்
05.10.2025

ஹுஸ்னியா,

ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன். ஸலாத்துக்குப் பதில் சொல்வது உன் மேல் கடமை. அந்தச் சாக்கிலாவது இதைக் கிழிக்காமல் படி.

போனில் என் நம்பரை நீ அடைத்துவிட்டாய். என் கூடப்பிறந்த ராத்தாவின் போனிலிருந்து எடுத்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் தபால். கடிதம் காலை பத்து மணிக்கு வரும், அந்த நேரம் உன் கூடப்பிறந்த மூத்தவர் மசூர் காக்கா கல்முனைக் கடையில் இருப்பார் என்று யோசித்துத்தான் போடுகிறேன். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

காழியார் நம் கலியாணத்தை முறித்துத் தீர்ப்புக் கொடுத்து, நீ காத்திருக்க வேண்டிய இத்தாக் காலமும் போன மாதம் முடிந்துவிட்டது. உன் வீட்டிலிருந்து இரண்டு சாரனோடு இறங்கியவன் இப்போது ராத்தா வீட்டு அறையில் கிடக்கிறேன். உன்னைத் திரும்பக் கேட்டு இதை எழுதவில்லை. நான் போதைத் தூள் பாவித்தவன் இல்லை. அதை நீ அறிய வேண்டும், அவ்வளவுதான். ஊர் அறியாவிட்டால் போகட்டும்.

போன கிழமை ராத்தா என்னைக் கண்டிக்குக் கூட்டிப்போய் ஒரு காது டொக்டரிடம் காட்டினார். என் தள்ளாட்டத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே விளங்கவில்லை. அவர் ஒரு பெண், நம் பாஷை நன்றாகக் கதைத்தார். என் தலையைப் பிடித்து அப்படியும் இப்படியும் வெடுக்கென்று திருப்பிக் கண்ணைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு காலையும் சேத்து நில்லுங்க. இப்ப கண்ண மூடுங்க" என்றார்.

நான் மூடவில்லை ஹுஸ்னியா. "டொக்டர், அல்லாஹ் மேல சத்தியமா நான் தூள் பாவிக்கல்ல" என்றேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு என்னையும் ராத்தாவையும் மாறிமாறிப் பார்த்தார். "இந்தச் சோதனைய உங்களுக்கு இதுக்கு முதல் ஆராவது செஞ்சவங்களா?" என்று கேட்டார்.

ஓம், செய்தார்கள். உனக்குத் தெரியாததா? ஜனவரி மாதம், அஸர் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் முற்றத்தில் நிர்வாகம் பார்க்கிற மரைக்கார்மார் எல்லாரும் இருக்க, மசூர் காக்கா சொன்னார்: "தூள்காரனால கண்ண மூடிக்கிட்டு நிக்க ஏலா. வீடியோவுல பாத்திருக்கன். நீ சுத்தமான ஆள் எண்டா மூடிக் காட்டு." நான் சிரித்துக்கொண்டே மூடினேன். மூன்று எண்ணுவதற்குள் நிலத்தில் கிடந்தேன். அங்கே நின்றவர்களில் அதிகம் திடுக்கிட்டவன் நான்தான். எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

டொக்டர் விளக்கினார். நாம் நேராக நிற்பதற்கு மூளைக்கு மூன்று இடத்திலிருந்து சேதி போகிறதாம். கண் பார்த்துச் சொல்கிறது. உள்ளங்கால் நிலத்தைத் தொட்டுச் சொல்கிறது. மூன்றாவது, காதுக்கு உள்ளே, கேட்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிற ஒரு சின்ன உறுப்பு. மூன்று சேதியையும் ஒன்றாக வைத்துத்தான் மூளை "நீ நிற்கிறாய்" என்று முடிவு செய்கிறது. காழியார் மூன்று சாட்சியை விசாரிப்பதுபோல என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு மூன்றாவது சாட்சி மௌத்தாகிவிட்டது. திருக்கை முள் குத்தி என் கால் அழுகியதே, அப்போது இரண்டு கிழமை, பதினாலு நாளும் ஏற்றிய ஊசி மருந்து சில பேருக்கு அந்த இடத்தைத் தின்றுவிடுமாம். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஊசி இல்லாவிட்டால் கால் இல்லை, உயிரும் இல்லை.

வெளிச்சத்தில் கண்ணும் காலும் சேர்ந்து என்னைத் தாங்கிக்கொள்கின்றன. இருட்டினால் கண் போய்விடுகிறது. கால் மட்டும் என்ன செய்யும்?

டொக்டர் எழுதித் தந்த துண்டின் கொப்பியை இதோடு வைக்கிறேன்.

றிபாஸ்

*

சாய்ந்தமருது
11.10.2025

றிபாஸ் அவர்களுக்கு,

ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டேன். என் கடமை முடிந்தது.

துண்டைப் பார்த்தேன். வேலைக்குப் போகாதவன் லீவுக்குத் துண்டு எடுப்பதும், பரீட்சைக்குப் போகாத பிள்ளை துண்டு எடுப்பதும் நான் காணாததா? பாலர் பாடசாலையில் ஏழு வருடம் படிப்பித்தவள் நான்.

காது பழுது என்கிறீர்கள். ஸஹ்றா பின்வளவில் நின்று "வாப்பா" என்று கூப்பிட்டால் தெருமுனையில் கேட்டு ஓடி வந்த காது அது. பகலில் நேராக நடந்தீர்கள், மஃரிபுக்குப் பிறகு ஆடினீர்கள். ஊர் வேறு என்ன நினைக்கும்? நான் வேறு என்ன நினைப்பேன்? ஒழு எடுக்கப் போய் முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது விழுந்தீர்கள், பள்ளிக்கு வந்த முழுப்பேரும் கண்டார்கள். அந்தக் கதையைச் சந்தைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தவள் நான்.

இனி அந்தத் துண்டு உண்மையாகவே இருக்கட்டும். அதை வைத்து நான் என்ன செய்ய? மூன்றரை வயதுப் பிள்ளை. நீங்கள் இடுப்பில் வைத்துக்கொண்டு விழுந்தீர்கள், கிணற்றுக்கட்டில் அவள் தலை பட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து போனாள். மரண விசாரணை அதிகாரி விபத்து என்று எழுதினார். அவரும் துண்டுதான் எழுதினார்.

சாப்பிட உட்கார்ந்தால் இன்றைக்கும் என் கை மீனில் முள் எடுத்து ஒரு பக்கம் ஒதுக்குகிறது. ஒதுக்கிய பிறகுதான் யாருக்கு என்று யோசிக்கிறேன். ஒன்பது மாதம் இப்படி. உங்களுக்கு இப்போது சாட்சி கிடைத்திருக்கிறது. நல்லது, வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுத வேண்டாம்.

ஹுஸ்னியா

*

ஒலுவில்
16.10.2025

ஹுஸ்னியா,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றுதான், பிறகு நிறுத்துகிறேன்.

துண்டை நம்பாதே. என்னையும் நம்பாதே. உன் காலை நம்பு. நான் சொல்வதைச் செய்து பார்.

நம் அறையில் அந்த ஸ்பொஞ்ச் மெத்தை இருக்கிறதல்லவா, அதை இரண்டாக மடித்து நிலத்தில் போடு. அதன்மேல் ஏறி ஒற்றைக் காலில் நில். சுற்றிவர ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொள், தலையணைகளைப் போட்டுவை. முதலில் கண்ணைத் திறந்தபடி நில். நிற்பாய். பிறகு மூடு.

மெத்தை மெத்தென்று இருப்பதால் உன் காலுக்குச் சரியான சேதி கிடைக்காது. கண்ணை மூடினால் அதுவும் போய்விடும். மிச்சம் காதுக்குள்ளே இருப்பது மட்டும். உனக்கு அது உயிரோடு இருக்கிறது, அதனால் கொஞ்சம் தாக்குப்பிடிப்பாய். எனக்கு அதுவும் இல்லாமல்தான் பள்ளி முற்றத்தில் நிறுத்தினார்கள்.

நான் கடலில் இருந்தவன், எனக்கு இது முன்னமே விளங்கியிருக்க வேண்டும். மீன்பிடிப் போட்டுக்குப் புதிதாக வருகிறவன் கெபினுக்குள் போய்ப் படுத்தால் குடல் வெளியே வர வாந்தி எடுப்பான். கண் சுவரைப் பார்த்து அசையவில்லை என்கிறது, காது அசைகிறது என்கிறது. இரண்டும் சண்டை பிடித்தால் வயிறு கலங்குகிறது. "வெளிய வாடா, தூரத்துல கடலும் வானமும் சேர்ற இடத்தப் பாரு" என்று எத்தனை பேரை இழுத்து வெளியே போட்டிருக்கிறேன். என்னை இழுத்துப்போட ஒருத்தரும் இருக்கவில்லை.

டொக்டர் இன்னொன்றும் சொன்னார். ஆடுகிறவன் ஒரு விரலால் எதையாவது தொட்டுக்கொண்டால் போதுமாம். சாயத் தேவையில்லை, பாரம் கொடுக்கத் தேவையில்லை, சும்மா பட்டால் போதும். அந்த விரல் நுனி மூளைக்குப் புதுச் சாட்சியாகிவிடுகிறது. நீயும் மெத்தையில் நின்று, ஒரு விரலைச் சுவரில் வைத்து, கண்ணை மூடிப் பார்.

அவர் அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அதை நாம் அவருக்கு முன்னமே கண்டுபிடித்துவிட்டோமே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், பொழுதுபட்டால் உன் தோளில் ஒரு விரலை வைத்துக்கொண்டு பின்னால் நடப்பேன். "என்ன மச்சான், நான் என்ன மாட்டுவண்டியா, பின்னால நிண்டு ஓட்டுறீங்க?" என்று நக்கல் அடிப்பாய். ஸஹ்றாவும் என் சாரனைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

அதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

றிபாஸ்

*

சாய்ந்தமருது
25.10.2025

மச்சான்,

இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. வேறு எப்படி எழுதினாலும் கை ஓடவில்லை.

உங்கள் கடிதத்தை ஐந்து நாள் அரிசி வாளிக்குள் வைத்திருந்தேன். நேற்று லுஹர் தொழுதுவிட்டு மெத்தையை மடித்துப் போட்டேன். பைத்தியக்காரி என்று என்னை நானே ஏசிக்கொண்டுதான் ஏறினேன். கண்ணைத் திறந்து நின்றேன். மூடினேன். விழுந்தேன். மறுபடியும் ஏறினேன், விழுந்தேன். ஏழெட்டுத் தடவை. காலுக்குக் கீழே நிலம் எங்கே என்று தெரியாத ஒரு பயம் வந்தது. நீங்கள் அந்தப் பயத்தோடு ஒரு வருடமாக இருக்கிறீர்கள், நான் உங்கள் வாயை மோந்து பார்த்தேன்.

பிறகு நீங்கள் சொன்னபடி சுவரில் ஒரு விரலை வைத்தேன். கண்ணை மூடினேன். நின்றேன் மச்சான். தூண்போல நின்றேன். அந்த ஒரு விரல் நுனியில் ஒரு பாரமும் இல்லை. ஆனால் நின்றேன்.

அப்போதுதான் நான் அலறி விழுந்திருக்கிறேன் போல. அடுத்த வீட்டு நாச்சியா ராத்தா ஓடிவந்து, "என்னகா புள்ள, என்ன நடந்த?" என்று தூக்கினார். பல்லி விழுந்தது என்றேன்.

இதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. உம்மாவுக்குச் சொல்லவில்லை, காழியாருக்குச் சொல்லவில்லை. தொழுகையில் அல்லாஹ்விடம்கூடச் சுற்றிவளைத்துத்தான் சொன்னேன்.

அன்றைக்கு மஃரிப் வக்து, பொழுதுபடுகிற நேரம். பின்வளவு அடுப்படியிலிருந்து மூன்று பேரும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். நான் முன்னால், கையில் சோற்றுச்சட்டி. நீங்கள் பின்னால், இடுப்பில் ஸஹ்றா. கிணற்றடிக்கு வரும்போது கரண்ட் போனது. உங்கள் விரல் என் தோளில் பட்டது.

நீங்கள் பள்ளி முற்றத்தில் விழுந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஊரெல்லாம் என்னைப் பார்த்து ஒதுங்கிய ஐந்து நாள். தூள்காரனின் கை என் மேல் படுகிறது என்று அருவருத்தேன். தோளை இழுத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான் மச்சான் நான் செய்தது. தோளை இழுத்துக்கொண்டேன். அடுத்தது அந்தச் சத்தம்.

காழியார் முன்னால், "தள்ளாடி விழுந்தார்" என்று சொன்னேன். தோளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நீங்கள் தூள்காரனாக இருக்கும்வரைக்கும் நான் பிள்ளையைப் பறிகொடுத்த தாய். நீங்கள் இல்லையென்றால் நான் யார்? அதனால்தான் உங்கள் துண்டைப் பார்த்து அவ்வளவு ஏசினேன்.

என் பிள்ளையை நீங்கள் போடவில்லை. நான்தான்.

ஹுஸ்னியா

*

ஒலுவில்
29.10.2025

ஹுஸ்னியா,

எனக்குத் தெரியும்.

அன்றைக்கே தெரியும். இருட்டில் எனக்கு இருந்தது உன் தோள் ஒன்றுதான். அது இருந்தது, பிறகு இல்லை. அதை மறக்க ஏலுமா? நிலத்தில் கிடந்து பிள்ளையைத் தடவித் தேடும்போதே தெரியும்.

மரண விசாரணையில் கேட்டார்கள், சொல்லவில்லை. காழியார், "உமக்குச் சொல்ல ஏதும் இருக்கா?" என்று இரண்டு தரம் கேட்டார், இல்லை என்றேன். வீரம் என்று நினைத்துவிடாதே. நான் எப்படியும் விழுந்துகொண்டே இருப்பவன், எனக்குப் பழகிவிட்டது. நீயும் விழுந்தால் உன்னை யார் பிடிப்பது? ராத்தா என்னை ஏசினார், "வாயத் திறந்து என்னத்தயாவது செல்லன்டா" என்று. சொல்லவில்லை.

இப்போதும் நீ போட்டாய் என்று நான் நினைக்கவில்லை. நான் போட்டேன் என்று நீ நினைக்காமல் இருந்தால் போதும். கரண்ட் போனது. ஊசி காதைத் தின்றது. ஒருத்தர் ஏதோ வீடியோவைப் பார்த்தார். நீ என்னை வெறுத்தாய், வெறுக்கக் காரணம் இருந்தது. இதில் எதை எடுத்துவிட்டாலும் அவள் இருந்திருப்பாள். இரவெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். எடுத்து என்ன, அவள் வருகிறாளா?

உன்னைத் திரும்பக் கேட்கமாட்டேன் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். பொய். புதிதாக நிக்காஹ் முடிக்க மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று ஒலுவில் மௌலவியிடம் கேட்டு வைத்திருக்கிறேன். நீ யோசித்துச் சொல். இல்லையென்றாலும் கோபிக்கமாட்டேன்.

அது முடியாவிட்டால் இன்னொன்று. நான் இன்னும் ஸஹ்றாவின் கப்றடியில் நின்று துஆக் கேட்கவில்லை. அடக்கும்போது, "நீ இறங்காத, உனக்கு நிக்க ஏலா" என்று என்னை ஓரமாக நிறுத்திவிட்டு மசூர் காக்காதான் அவளைக் கப்றில் இறக்கினார். பெற்ற வாப்பா நான், பார்த்துக்கொண்டு நின்றேன். ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் தனியாகப் போனேன். மையவாடி முழுக்கக் கடற்கரை மணல், கால் புதைகிறது. கையேந்தி, கண்ணை மூடினேன். அவள் தலைமாட்டில் நட்டிருந்த மீசான் கட்டையின் மேலேயே விழுந்தேன். தூக்கிவிட்டவர்கள், "பெருநாளும் அதுவுமா இவன் போட்டுட்டு வந்திருக்கான்" என்றார்கள். கண்ணைத் திறந்துகொண்டு துஆக் கேட்கலாம்தான். அந்தச் சின்ன மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு ஒரு தோள் வேண்டும் ஹுஸ்னியா. ஒரு விரல் வைக்க.

றிபாஸ்

*

சாய்ந்தமருது
05.11.2025

மச்சான்,

முதலாவதற்கு என் பதில் இல்லை என்பதுதான். நான் அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்க்கம் இடம் தரும். காக்காவும் இப்போது இடம் தருவார். என் தோள்தான் தராது. ஒவ்வொரு பொழுதும் நீங்கள் அதில் விரலை வைப்பீர்கள், ஒவ்வொரு பொழுதும் நான் அந்தக் கிணற்றடியில் நிற்பேன். நீங்கள் ஒன்றும் சொல்லமாட்டீர்கள். அதுதான் எனக்குப் பயம். நீங்கள் ஏசியிருந்தால் ஒருவேளை வந்திருப்பேன்.

இரண்டாவதற்கும் நான் வர முடியாது. பெண் மையவாடிக்குள் வரும் வழக்கம் நம் ஊரில் இல்லை. இத்தா முடிந்த பிறகு நான் உங்களுக்கு அந்நியப் பெண், நீங்கள் என்னைத் தொட முடியாது. தொடுவது ஆகுமாக இருந்த நாளில் தோளை இழுத்துக்கொண்டேன், இப்போது தரவேண்டும் என்று நினைத்தால் ஆகாது.

அதனால் காக்காவை அனுப்புகிறேன்.

எல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன், தோளையும் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. "துண்டக் காட்டி உன்ன ஏமாத்துறான்கா" என்றார். நான் வாதாடவில்லை. மெத்தையை மடித்துப் போட்டு, "ஏறுங்க காக்கா, ஒத்தக் கால்ல நிண்டு கண்ண மூடுங்க" என்றேன். என்ன விளையாட்டு இது என்று ஏசிக்கொண்டு ஏறினார். விழுந்தார். "இன்னொருக்கா" என்றேன். மறுபடியும் விழுந்தார். "நீங்களும் தூள் பாவிக்கிறீங்களா காக்கா?" என்று கேட்டேன். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

கூட்டாளியின் மகன் தூளில் மௌத்தாகிய நாளிலிருந்து அவருக்கு அந்த ஒரு வெறி. கெட்ட மனிதர் இல்லை மச்சான். உங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஓட்டோவோடு வருவார். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். ஸஹ்றாவுக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள்.

அங்கே நடந்ததை ஒரு கடிதம் எழுதுங்கள். அது கடைசியாக இருக்கட்டும்.

ஹுஸ்னியா

*

ஒலுவில்
08.11.2025

ஹுஸ்னியா,

உன் முடிவை ஏற்றுக்கொண்டேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் கடிதம் நனைந்துவிடும்.

காக்கா வந்தார். ராத்தா தேத்தண்ணி கொடுத்தார், குடிக்கவில்லை. "வா போவம்" என்றார், அவ்வளவுதான். ஓட்டோவில் நிந்தவூர் தாண்டும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். காரைதீவுக்குக் கிட்ட வந்ததும், "காத்து மழை எண்டா எப்பிடி நடக்குற நீ?" என்று கேட்டார். "நடக்கிறல்ல காக்கா, வீட்டுக்குள்ளதான்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

மையவாடி வாசலில் செருப்பைக் கழற்றினோம். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் விரலை வைக்க யோசித்தேன். "வைடா" என்றார். வைத்தேன். உன்னுடையதைவிட உயரமான தோள், சட்டையெல்லாம் வேர்வை. அந்த மணலில் நாற்பது, ஐம்பது அடி நடந்தேன். ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. வாசலில் சில பேர் நின்று பார்த்தார்கள். காக்கா அவர்களைக் கடந்து போகும்போது மெதுவாகத்தான் நடந்தார், வேண்டுமென்றே.

பெருநாளன்று நான் விழுந்து சாய்ந்த மீசான் கட்டையை யாரோ நிமிர்த்தி நட்டிருந்தார்கள். நீ தண்ணீர் ஊற்றச் சொல்லி அனுப்பியிருந்த போத்தலைக் காக்கா ஊற்றினார். முதலில் உன் ஸலாத்தைச் சொன்னேன், பிறகு என்னுடையதை.

ஒரு கையை ஏந்தினேன், மற்றக் கையின் ஒரு விரல் காக்காவின் தோளில். கண்ணை மூடினேன். இருட்டாகிவிட்டது. நான் நின்றேன் ஹுஸ்னியா. என் பிள்ளைக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவளுக்குச் சொல்ல வைத்திருந்ததெல்லாம் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். உம்மாமேல் கோபிக்காதே மகள் என்றேன்.

பாதியில் ஆடத் தொடங்கியது. போச்சு, விழப்போகிறேன், திரும்பவும் அவள் மேலேயே விழப்போகிறேன் என்று பயந்து கண்ணைத் திறந்தேன். என் கால் அசையவில்லை. ஆடியது காக்காவின் தோள். சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு, முழு உடம்பும் குலுங்க அவர் அழுதுகொண்டிருந்தார்.

அப்படி ஆடும் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் விரலை எடுக்கவில்லை.

றிபாஸ்